செத்துப்போன நாத்தனாரிடமிருந்து ஒரு மடல்

தமிழிலும் மலையாளத்திலும் தினசரித் தொடர் எடுக்கிற தயாரிப்பாளர்களுக்கும், சேனல்களில் கதையை முடிவு செய்கிறவர்களுக்கும், எங்களைப் போன்றவர்களுக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிற மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் செத்துப்போனேன். எப்படிச் செத்தேன் என்று கதையில் யாரும் சொல்லவில்லை. ஹால் சுவரில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் என் போட்டோ இருந்தது. அதற்குச் சந்தனச் சீவல் மாலை, கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. எனக்குத் தம்பியாக நடித்த பையன் அதைப் பார்த்து, "நீ இருந்திருந்தா இந்த வீட்ல இப்படியெல்லாம் நடக்குமாக்கா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான். கேமரா டமார் டமாரென்று மூன்று தடவை என் முகத்துக்குப் பாய்ந்தது. உயிரோடு இருந்தபோது எனக்கு அத்தனை குளோசப் கிடைத்ததில்லை.

கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து இதைப் பார்த்தோம். அம்மா ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தார். உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எனக்குச் சுற்றிப் பின்கட்டு விறகடுப்பில் போட்டார். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போட்டிருக்கானுங்களே, வெளங்குவானுங்களா" என்று உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாழ்த்தும் சொன்னார். மிளகாய் கமறவே இல்லை. அத்தனை கண் பட்டிருக்கிறதாம்.

மூன்றாவது ஆள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் போட்டோவை எடுத்ததே அவள்தான்.

அவளை இந்த மடலில் அம்மிணி என்று சொல்கிறேன். கொங்குப் பக்கம் யாரையும் அப்படிக் கூப்பிடலாம், அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அவளும் நானும் பதினாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தோழி, ரூம்மேட், தூரத்துச் சொந்தம் என்று ஒவ்வொரு செட்டிலும் ஒவ்வொரு பெயர் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் மாலை.

இந்தப் பதினாலு வருஷமும் உங்கள் தொடர்களில் நான் யாருக்காவது அக்கா, இல்லையென்றால் நாத்தனார். ஒரே ஒரு தடவை நர்ஸ். கதாநாயகியாக ஒரு நாளும் இருந்ததில்லை, அதில் வருத்தமும் இல்லை. கதாநாயகி நாள் முழுக்கக் கிளிசரின் போட்டு அழவேண்டும். நாத்தனாருக்கு அழவைப்பதோடு வேலை முடிந்தது, கண் எரியாது. எங்கள் ஊர்க்காரிக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழ்வழியில் படித்தவள், பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ். மலையாளம் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் வந்தது. அதனால் திருவனந்தபுரத்திலும் சரி, சென்னையிலும் சரி, எனக்கு பிராம்ப்ட் சொல்கிறவருக்குத் தொண்டை வற்றாது. ஒரு தடவை கேட்டால் போதும். என்ன, திருவனந்தபுரம் போனால் 'பாண்டி' (தமிழர்களை அங்கே கேலியாகச் சொல்வது), சென்னை வந்தால் 'மலையாளி'. மாநில எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் எந்த ஊர்க்காரி என்பது மாறிக்கொண்டே இருக்கும். இது பழகிவிட்டது.

நாத்தனார் வேஷத்துக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். புடவை நாங்கள்தான் கொண்டுவரவேண்டும். ஒரு ஷெட்யூலுக்கு இருபது புடவை, அதற்கு மேட்சாக ஜாக்கெட், வளையல், பொட்டு. அம்மிணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. "சீன் 14, மாம்பழ மஞ்சள், ஜாக்கெட் கை முட்டி வரை, மூக்குத்தி வலது, பொட்டு அரக்கு" என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஓரத்தில் புடவைக் கரையிலிருந்து பிரித்த நூல் ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பாள். ஒரு சீனின் முதல் பாதியை இன்றைக்கும் அடுத்த பாதியைப் பத்து நாள் கழித்தும் எடுப்பீர்கள். கன்டினியூட்டி பார்க்கிற பையன் போனில் படத்தைத் தேடிக்கொண்டு நிற்பான். நான் அம்மிணிக்குப் போன் போட்டால் அரை நிமிஷத்தில் பதில் வரும். இரண்டு மொழி, ஏழு தொடர், பதினோரு நோட்டு. அதற்குப் பேட்டா கேட்டதில்லை.

சரி, தெரிந்துபோன கதைக்கு வருகிறேன். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதம் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைப் பகவதியே இறங்கி வந்து வெட்டிய கதை. கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் வருஷா வருஷம் போய், கொங்கன் தோற்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் பொரியும் முறுக்கும் வாங்கிக்கொண்டு வருவோம். போன வருஷக் கூட்டத்தில் நானும் அம்மிணியும் கையைக் கோத்துக்கொண்டு நின்றதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் கையைக் கோக்காமல் நின்றால் தொலைந்துபோவோம், அது வேறு விஷயம். அந்தப் படம் எங்கள் யூனிட் குரூப்புக்குப் போனது. கீழே யாரோ ஒரு சிரிப்புப் பொம்மை, அப்புறம் ஒருவர் கேள்விக்குறி, அப்புறம் வரிசையாக.

நாலு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். "ஒண்ணுமில்லம்மா, சேனல்ல லுக் கொஞ்சம் மாத்தச் சொல்றாங்க" என்றார். எப்படி மாத்தணும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் லைனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "கொஞ்சம் பொம்பளத்தனமா" என்றார். அதே மூக்கு, அதே தோள், அதே குரல். அதற்கு முந்தின வாரம் வரை 'கம்பீரமான நாத்தனார்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "வீட்ல பொம்பளைங்க உக்காந்து பாக்கற நேரமில்லையா, நீங்களே யோசிங்க" என்றும் சொன்னார். யோசித்துக்கொண்டே இருந்தேன். கால்ஷீட் வரவில்லை. மூன்று மாசம் கழித்து மாலை வந்தது.

'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போட்டு வேறு நடிகையைக் கொண்டுவந்திருக்கலாம். கதைப்படி துபாய்க்கு அனுப்பியிருக்கலாம். நம் தொழிலில் வேண்டாதவர்களை வழியனுப்ப எத்தனையோ மரியாதையான வழி இருக்கிறது. சுவரில் மாட்டியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

வேலை இல்லாத அந்த மாசங்களில் போனில் எதையெதையோ படித்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஷீலா ஜேம்ஸ் என்கிற நடிகை எனக்குக் கிடைத்தார். அவர் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். உங்களுக்குக் கதை கேட்டுப் பழக்கம்தானே, பொறுமையாகக் கேளுங்கள்.

ஷீலா 1941-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சாவில் பிறந்தவர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். நிஜப் பெயர் ஷீலா கியூல், டிவிக்காக ஷீலா ஜேம்ஸ். 1950-ல், ஒன்பது வயதில், ஒரு குடும்பத் தொடரில் சின்ன மகளாக வந்தார். 1959-ல் 'தி மெனி லவ்ஸ் ஆஃப் டோபி கில்லிஸ்' என்ற தொடரில் ஜெல்டா கில்ராய் என்கிற வேஷம் கிடைத்தது. டோபி என்று ஒரு சோம்பேறிப் பையன், ஊரிலிருக்கிற அழகிகள் பின்னாலெல்லாம் சுற்றுவான். ஜெல்டா வகுப்பிலேயே கெட்டிக்காரி, குள்ளமான பெண். நீ கடைசியில் என்னைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறாய், உனக்கு இன்னும் தெரியவில்லை என்று அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அவனைப் பார்த்து மூக்கைச் சுருக்குவாள். உடனே அவன் மூக்கும் தானாகச் சுருங்கிவிடும். அப்புறம் அதற்காகவே அவள்மேல் எரிந்து விழுவான். நாலு வருஷம் ஓடிய தொடர். கறுப்பு வெள்ளையில் சில பகுதிகள் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன. நானும் அம்மிணியும் வசனம் பாதி புரியாமலே ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அமெரிக்க டிவியிலேயே ஒரு பையனை அத்தனை பிடிவாதமாகத் துரத்திய பெண் வேறு யாராவது இருந்திருப்பாளா தெரியாது. அந்த வேஷத்தைப் போட்டவருக்கோ பையன்கள் மேல் நாட்டமே கிடையாது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நான் ஏழு தொடரில் எட்டுப் புருஷனோடு சண்டை போட்டிருக்கிறேன். இதற்குப் பெயர்தான் நடிப்பு, இதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

அப்போது ஷீலா கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார், மாணவிகள் சங்கம் ஒன்றில் உறுப்பினர். அவருடைய தோழி எழுதிய காதல் கடிதங்கள் அங்கே மற்றவர்கள் கையில் அகப்பட்டன. சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். டிவியில் வாரா வாரம் நாடே பார்க்கிற முகம், வெளியே ஒரு வார்த்தை கசிந்தால் எல்லாம் முடிந்தது. அந்தப் பயத்தோடேயே செட்டுக்குப் போய் மூக்கைச் சுருக்கியிருக்கிறார். கடிதம் அகப்பட்ட இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் யூனிட் குரூப் ஞாபகம் வந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் கடிதம், இப்போது வாட்ஸ்அப்.

ஜெல்டாவை ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால் அவளையே நாயகியாக வைத்துத் தனித் தொடர் எடுக்கலாமென்று 1962-ல் முடிவானது. பைலட் என்கிற மாதிரிப் பகுதியும் எடுத்தாயிற்று. பிறகு பேச்சே இல்லை. டைரக்டர் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். அந்த சிபிஎஸ் சேனலின் தலைவருக்கு, அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் ஆம்பளைத்தனம் தெரிகிறது என்று பட்டிருக்கிறது. அவ்வளவுதான். தொடர் போனது. அதற்கப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேஷங்கள், பிறகு அதுவும் நின்றது. இருபத்தொரு வயதில் கதாநாயகி ஆகவேண்டியவர், முப்பது வயது வாக்கில் டிவியை விட்டே போய்விட்டார்.

இந்த இடம் வரும்போது போனை அம்மிணியிடம் கொடுத்து, "படி" என்றேன். படித்துவிட்டு, "சேனல்காரன் எல்லா ஊர்லயும் ஒரே வசனந்தான் பேசறான் பாரு" என்றாள். 1962, 2025. நடுவில் நிலாவுக்குப் போய் வந்துவிட்டார்கள்.

உங்கள் கணக்குப்படி ஷீலா கதை இங்கே முடிந்திருக்கவேண்டும், சுவரில் போட்டோ. அவர் தான் படித்த கல்லூரியிலேயே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலைக்குப் போனார், அதில் மேலே வந்தார். முப்பது வயதைத் தாண்டி ஹார்வர்டில் சட்டம் படிக்கச் சேர்ந்து 1978-ல் முடித்தார். வீட்டுக்குள் அடிபடுகிற பெண்களுக்கான சட்ட வேலைகளில் இறங்கினார். 1994-ல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்தலில் நின்றார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. ஜெயித்தார். தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அந்த மாநில சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கேலி செய்து விரட்டக்கூடாது என்று 1999-ல் நிறைவேறிய சட்டம் அவர் கொண்டுவந்தது. பல தடவை தோற்று, திரும்பத் திரும்பக் கொண்டுவந்து ஜெயித்தது. பிறகு அந்த மாநிலத்துச் செனட், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) மேற்பார்வையாளர் பதவி, 2022 வரை. ஓய்வு பெறும்போது வயது எண்பத்தொன்று.

இதிலெல்லாம் என் மனதில் நின்றது ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேலையிலிருந்து சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம் என்று 2002-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். கொண்டுவந்தது நம் ஜெல்டா. அந்தச் சட்டத்தில் 'வீட்டில் ஒருவர்' என்பதில் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோடு, கல்யாணம் ஆகாமல் பதிவு செய்துகொண்டு சேர்ந்து வாழும் துணையும் உண்டு.

இதைப் படித்தபோது என் கால் வலித்தது. நிஜமாகவே வலித்தது.

மாலை விழுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு செட்டில் மாடிப்படியிலிருந்து விழுந்தேன். சீரியல் வீட்டு மாடிப்படி மேலே பார்க்கத் தேக்கு, கீழே பிளைவுட். கோபத்தோடு இறங்கி வரும் ஷாட், நாலாவது படி வாய் பிளந்தது. கணுக்காலில் எலும்பு முறிவு, பிளேட் வைக்கவேண்டுமென்றார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட உறவினர் வேண்டும். அம்மிணி கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து, கோயம்புத்தூரில் ரயிலேறி, விடிகாலையில் வந்து நின்றாள். "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். என் ஒப்பந்தப் படிவத்தில் 'தந்தை / கணவர்' என்று ஒரு கட்டம். அப்பா இறந்துவிட்டார், கணவர் இல்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்த அவள் பெயரைக் கம்பெனியில் யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டது எங்கள் அசிஸ்டன்ட் டைரக்டர் பையன். இருபத்துமூன்று வயது, யூனிட்டில் சேர்ந்து இரண்டு மாசம். 'உறவுமுறை' என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினான், பாவம், கை நடுங்க. அம்மிணி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடவில்லை. என் பையில் இருந்த வேலையாவது நடக்கட்டுமென்று, பிய்ந்திருந்த ஒரு ஜாக்கெட்டுக்கு ஹுக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாளாம். அந்தப் பையன்தான் பிறகு சொன்னான்.

சட்டம் இடம் கொடுக்கவில்லையே என்று சொல்வீர்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், எங்களைக் குற்றவாளியாக்கிய 377-வது பிரிவிலிருந்து எங்களை விடுவித்துவிட்டது. 2023 அக்டோபரில் கல்யாணத்துக்கு முடியாது என்று சொன்னது உண்மைதான், நாங்கள் கல்யாண மண்டபம் கேட்கவும் இல்லை. 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம், வீட்டார் பிரித்து வைத்த ஆதிலா, நூரா என்ற இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழ அனுப்பி வைத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம், எங்களைப் போன்ற இரண்டு பேர் சேர்ந்து பேங்கில் கணக்குத் திறக்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை என்று எழுத்தில் சொன்னது. எங்கள் ஊர் பேங்கில் அதைக் காட்டியபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் படித்தார். "அப்ப சரி, ரெண்டு பேரும் போட்டோ கொண்டாங்க" என்றார். பத்து நிமிஷ வேலை. 2025 மே 22-ம் தேதி, நான் கால்ஷீட்டுக்குக் காத்துக்கொண்டிருந்த நாட்களில், வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது: குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றே வழி கிடையாது, தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான். நீதிபதிகள் இரண்டு பேரும் என் தொடரைப் பார்ப்பவர்களா தெரியாது.

இனி 'வீட்ல பொம்பளைங்க பாக்கற நேரம்'. எனக்குப் பிடித்த வசனம் இது. எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு டிவி பார்க்கிற பொம்பளைகள் யாரென்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுச் சேச்சி, மூலைவீட்டு கவுண்டச்சி அம்மா, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிற மூன்று பேர். எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததில்லை. யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை வந்தால் ஒரே கவர்தான் வரும், மேலே எங்கள் இரண்டு பேர் பெயரும் எழுதி, 'குடும்பத்துடன்'. ஆரம்பத்தில் தனித்தனியாக இரண்டு கவர் வந்துகொண்டிருந்தது. எந்த வருஷத்திலிருந்து ஒன்றானது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் செத்த மறுநாள் காலையில் கவுண்டச்சி அம்மா பால் சொம்போடு வந்து வாசலில் நின்று, "ஏனுங்க்கா, உங்களைக் கொன்னுபோட்டானுங்களா, இனிமே அந்த நாடகத்தைப் பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வீட்டு டிவி உங்கள் கணக்கில் குறைந்துவிட்டது.

மலையாளத்தில் பிக் பாஸ் ஏழாவது சீசன் பார்த்திருப்பீர்கள். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த அதே ஆதிலாவும் நூராவும் ஜோடியாக உள்ளே போனார்கள். இவர்களையெல்லாம் வீட்டுக்குள் சேர்க்கமாட்டோம் என்று உள்ளேயே ஒருவர் பேசினார். மோகன்லால் மேடையில் நின்று அதைக் கண்டித்தார். ஓட்டுப் போட்டு வாரக்கணக்கில் அவர்களை உள்ளே வைத்திருந்தது இதே வீட்டுப் பொம்பளைகள்தான். எதிர்வீட்டுச் சேச்சி எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் போனிலிருந்தும் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். அம்மா அந்த நேரம் வேண்டுமென்றே துணி மடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அறையை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவிலும் எல்லாம் நேராக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஏப்ரலில் எல்லன் டிஜெனரஸ் என்கிற நடிகை தான் இப்படித்தான் என்று வெளியே சொல்லி, தன் தொடரில் தன் பாத்திரத்தையும் சொல்லவைத்தபோது நாலு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அடுத்த வருஷமே தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பகுதியில் விருந்தாளியாக நடித்த லாரா டெர்னுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வேலை வரவில்லை, அவர் எங்கள் ஆள்கூட இல்லை. எல்லன் 2003-ல் பகல்நேர நிகழ்ச்சியோடு திரும்பி வந்து பத்தொன்பது வருஷம் நடத்தினார். பார்த்தவர்கள் யார்? பகலில் வீட்டிலிருக்கிற பொம்பளைகள்.

நான் உங்களிடம் புதுமையான கதை எதுவும் கேட்கவில்லை. தயவுசெய்து எங்களை வைத்து 'சமூகக் கருத்து' சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். உங்களைத் தெரியும். நாற்பதாவது எபிசோடில் ஒரு சாமியாரைக் கொண்டுவந்து குணப்படுத்திவிடுவீர்கள், இல்லை கிணற்றில் தள்ளிவிடுவீர்கள். என்னை நாத்தனாராகவே வையுங்கள். மருமகளின் காபியில் உப்பைப் போடுகிறேன். நகையை ஒளித்துவைக்கிறேன். மூன்று புருஷன் வேண்டுமானாலும் கொடுங்கள்.

நான் கேட்பது ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டு வரி. 'தந்தை / கணவர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும்' என்று போடுங்கள். ஆர்ட்டிஸ்ட் எழுதுகிற பெயரை அடிக்காதீர்கள். காப்பீட்டில் நாமினியும் அவர்களே. இரண்டாவது வரி, ஒருவரை எடுக்கிறீர்களென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். 'லுக்' என்று போனில் சொன்னால் நான் யாரிடம் போய் என்ன கேட்பேன்? எங்கள் சித்தூர் வயலுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. சில வருஷம் வரும், சில வருஷம் இழுபறி. ஆனால் எழுதியிருப்பதால்தான் தண்ணீர் வந்து சேருகிற மூலத்தரை மதகில் நின்று தண்ணீர் எங்கே என்று எங்கள் விவசாயிகள் சத்தம் போட முடிகிறது. எழுதாத தண்ணீரை யாரும் கேட்க முடியாது.

இந்த மடலில் பெயர் போடவில்லை. அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. பத்திரிகைக் கவரில் பெயர் சேர்ந்து வருவது ஒன்று, பேப்பரில் வருவது வேறொன்று. அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்கலாமென்று இருக்கிறோம். தவிர, அடுத்த மாசம் திருவனந்தபுரத்தில் ஒரு ஆடிஷன் இருக்கிறது, கதாநாயகனுக்கு அத்தை வேஷம். பிரமோஷன்தான். அம்மிணி பன்னிரண்டாவது நோட்டு வாங்கி அட்டை போட்டுவிட்டாள்.

கடைசியாக அந்தப் போட்டோ. உங்களில் ஒருவருடைய ஆர்ட் டிபார்ட்மென்ட் அறையில் எங்கோ கிடக்கும். பச்சைப் பட்டு, மூக்குத்தி வலது பக்கம். எங்கள் வீட்டுப் பின்வாசலில் மத்தியான வெளிச்சத்தில் எடுத்தது. உற்றுப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரியும். நான் விறைப்பாக நின்றதால் போனுக்குப் பின்னாலிருந்து அம்மிணி மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். ஜெல்டாவைப் பற்றி எங்களுக்குத் தெரிவதற்குப் பல வருஷம் முன்னால். முதல் ஆடிஷனுக்காகப் பொள்ளாச்சியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஆல்பத்தில் இருந்தது அது. எடுத்த போன் கிணற்றடியில் விழுந்து செத்துவிட்டது, எங்களிடம் வேறு பிரதி இல்லை. தொடர் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், இனி உங்களுக்கு அது தேவைப்படாது. கோயம்புத்தூர் வரை பார்சலில் போட்டால் போதும், செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து நாங்களே எடுத்துக்கொள்கிறோம். செலவும் எங்களுடையது.

மாலையைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நாத்தனார்,
கொழிஞ்சாம்பாறை